கம்ப்யூட்டருக்கும் மாமியாருக்கும் ஆகவில்லை

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். வக்கீலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள் போல. திடீரென்று கணவர் சிரித்தார்.

"கம்ப்யூட்டருக்குக்கூட எங்க ஆத்தாவப் பிடிக்கலையே!"

"சிரிக்காதீக. கேஸு தோத்தா கெணத்துத் தண்ணி நமக்கு இல்ல. திராட்சக் கொடி காஞ்சு போகும்."

"யாரால இந்த வம்பு? வக்கீலு என்ன சொன்னாக? கொஞ்சக் காயிதத்த வேணும், வேணாம்னு பிரிச்சுக் குடுங்க, அதப் பாத்துக் கம்ப்யூட்டரு கத்துக்கிட்டு, மிச்சக் காயிதத்துல முக்கியமானத மேல எடுத்து வைக்கும்னாக. நீ எங்க ஆத்தா கையெழுத்துப் போட்டதப் பூராம் வேணாம்ல சேத்துட்ட!"

"நெனச்சா செஞ்சேன்? அத்தை கையெழுத்தப் பாத்ததும் கை தானா அந்தப் பக்கம் போயிருச்சு."

"அதுவும் அப்படியே படிச்சுக்கிருச்சு. கெணத்துல நமக்குப் பங்குன்னு ஆத்தா எழுதிக் குடுத்த பத்திரத்தையே அடியில தள்ளிருச்சு. நல்லவேள, அடியில கெடக்குறதுலயும் வக்கீலு நாலஞ்ச உருவிப் பாத்தாக."

"அதான் இன்னைக்கு உக்காந்து மாத்திக் குடுத்தேன்ல? இனி பயமில்லன்னு அவுகளே சொல்லிட்டாக."

"கட்டிட்டு வந்ததுலருந்து இன்னைக்குத்தான் எங்க ஆத்தாவ மேல தூக்கி வச்சிருக்க."

அந்தம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னமனூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுல இத மூச்சு விடக் கூடாது. எறங்குங்க, அத்தைக்கு உளுந்த வடை வாங்கணும்."