பாதி மழித்த முகம்

மேடையில் வீற்றிருக்கும் படைத்தளபதி அவர்களே, என்னோடு களத்தில் நின்ற தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் படையின் முடிதிருத்துநர், நாங்கள் ‘கத்தி அண்ணன்’ என்று அழைத்த பெருந்தகை மறைந்துவிட்டார். துப்பாக்கி பிடித்தவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. சவரக்கத்தி பிடித்தவரைப் பற்றி யார் பேசுவார்? நான் பேசியாக வேண்டும்.

முகம் மழிக்காமல் யாரும் காவலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் படையின் சட்டம். சண்டை மூன்றாவது வாரத்தைத் தொட்டபோது ஆட்கள் நின்றபடியே கண் அசந்தார்கள். கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு ரொட்டியைத் தேடினார்கள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அப்படிப்பட்டவனை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கன்னத்தை மட்டும் மழிப்பார். “கத்தி மழுங்கிப்போச்சு தம்பி, தீட்டிட்டு வந்துடறேன்” என்று போனால் இரண்டு மணி நேரம் திரும்ப மாட்டார். பாதி முகத்தோடு இருப்பவனை எந்த அதிகாரி காவலுக்கு அழைப்பார்? அவன் அங்கேயே தூங்குவான்.

இதைக் கண்டுபிடித்து அவரைக் காய்ச்சி எடுத்த அதிகாரி நான்தான். “இது போர்க்களமா, சத்திரமா?” என்று கத்தினேன். “சரிங்கய்யா” என்றார். மறுநாளும் அதையே செய்தார்.

பிறகு ஒரு காலை. ஐந்து நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. முப்பது பேரோடு ஓடைப் பாதையில் இறங்குவதாக உத்தரவு போட்டுவிட்டு, மழித்துக்கொள்ள உட்கார்ந்தேன்.

“ஐயா, உங்க பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டார்.

எனக்கு வரவில்லை. பெற்ற மகளின் பெயர்! ஒரு கன்னம் முடிந்தது. “கத்தி மழுங்கிப்போச்சுங்கய்யா” என்றார். திட்ட வாயைத் திறந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். எழுப்ப வந்தவர்களை, “பாதி முகத்தோட ஐயாவை வெளியில பார்க்கணுமா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாராம்.

விழித்ததும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஓடைப் பாதையில் கண்ணிவெடி புதைத்தவர்கள் நாங்களே. அதற்குக் கையெழுத்திட்டவனும் நானே. உத்தரவை மாற்றினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம்கூட. வெட்கம்.

நேற்று அண்ணி கேட்டார்: “சண்டையில என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, சவரம்தான் பண்ணேன்னு சிரிப்பாரு. நெஜமாவே அவ்வளவுதானா?”

இல்லை அண்ணி. இருபது ஆண்டு தாமதமாக, சபை அறியச் சொல்கிறேன்: உங்கள் கணவருக்கு நன்றி. இளம் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தும் நான், இனி முதல் வகுப்பிலேயே என் தவற்றையும் அவர் செய்ததையும் சொல்வேன். தூங்காத தலைவன் உத்தரவு போடக் கூடாது என்று கற்றுக்கொடுப்பேன். இது உறுதி.

அன்று ஓடையில் இறங்கவிருந்த தோழர்களே, அண்ணி பார்க்கும்படி கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.