ஹெர்மினியோவின் கோடாலி மேல் ஒரு புகார்

...கொலைன்னே எழுதுங்க தம்பி! பின்ன என்ன? இன்னும் ஒரு வாரத்துல பறிக்க வேண்டிய திராட்சை, எல்லாம் தரையில கெடக்கு. ஆலங்கட்டி ஒண்ணொண்ணும் கோழிமுட்ட சைசு! இயற்கையா? என்னத்த இயற்கை? வேலிக்கு அந்தப்பக்கம் ஹெர்மினியோ தோட்டத்துல ஒரு இல கிழியல. அதெப்படி? போலீசுக்காரரு நீங்கதான் கேக்கணும்!

ஒயினு பண்ற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேரு இருக்கு தம்பி. போர்தோன்னா, பேரச் சொன்னாலே வெல ஏறும். ரியோஹான்னா மரப்பீப்பாய்ல வருசக்கணக்கா தூங்குற ஒயினு. மலைக்கு அந்தப்பக்கம் சிலிக்காரங்க... கார்மெனேர் திராட்சைய மெர்லோ திராட்சைன்னு நெனச்சே ரொம்ப காலம் வித்தாங்க, இப்ப அதையே பெருமையாப் பேசுறாங்க! உங்க ஊரு கஃபயாத்தேதானே? அங்க டொரொன்டேஸ் வெள்ள ஒயினு! மூக்குல பூக்கடை, நாக்குல எலுமிச்ச. நம்ம ஊரு இந்த துனுயானுக்கு? மால்பெக் செவப்பு ஒயினு. கூடவே ஆலங்கட்டி. அத மட்டும் எவனும் பாட்டில்ல போட மாட்டான்.

விஷயத்துக்கா? வந்துட்டேன், வந்துட்டேன். கருமேகம் வந்தா கோடாலிய மண்ணுல குத்தி வைப்போம்ல, கருக்கு, அதான் வெட்டுற மொன, மேகத்தப் பாத்தாப்ல? ஹெர்மினியோ கோடாலி பேர்போன கோடாலி. குத்தினான்னா மேகம் ரெண்டாப் பொளக்கும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது, பாதி மேகம் என் தலைல! இந்த இக்னாசியா எவ்ளோ நாள்தான் பொறுப்பா? நேத்து மேகம் எந்திரிச்சதும் வேலியத் தாண்டினேன். புடுங்கினேன். கொண்டாந்து என் தோட்டத்துல குத்தினேன். திருட்டா? ஆபத்துக்கு எடுத்தா திருட்டா தம்பி?

அது பண்ணின வேலையப் பாருங்க! எப்பவும் பாதி விழுற எடத்துல முழு மேகத்தையும் எறக்கிருச்சு! அவன் வீட்டு உப்பத் தின்ன கோடாலி, அவனுக்குத்தானே வால் ஆட்டும்? அது மேலயும் ஒரு கேசு போடுங்க.

என்ன... கருக்கா? எந்தப் பக்கம் பாத்துச்சா? அவசரத்துல யாரு தம்பி அதெல்லாம்... கொஞ்சம் என் தோட்டத்தப் பாத்து இருந்துச்சுன்னு வைங்க. சரி, மேகத்தப் பாக்காம முழுசா என் தோட்டத்தப் பாத்துத்தான் இருந்துச்சு! அதுக்கு?

மேல்வரிசக் கொடி மட்டும்தான் தப்பிச்சிருக்கு. அதுவும் போச்சுன்னா இந்த வருசம் ஒயினுக்குப் பதிலா ஐசுதான் விக்கணும். அழுகையா வருது... அட, எங்க கெளம்பிட்டீங்க? கோடாலிய ஏன் எடுக்குறீங்க? சாட்சியா? ஐயோ, அண்ணாந்து பாருங்க தம்பி, மறுபடி கறுக்குது! கோடாலிய விட்டுருங்க, வேணும்னா என்னையப் புடிச்சுட்டுப் போங்க!