மைக்கில் பேசப் போனவர்

எல்லையில் சண்டை ஓய்ந்த கையோடு தேர்தல் வந்தது. சோமனூரிலிருந்து கோவைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"மைக்குல மட்டும் பேசிப்போடாதே அம்மணி."

"போர் வேண்டாம்ங்கற கூட்டத்துக்குப் போயி வாய மூடிட்டு உக்காரச் சொல்றீங்களா?"

"நேத்து ஓட்டுக் கேக்க வந்தவீங்க உன்னையத் தேசத் துரோகின்னு சொல்லிப்போட்டுப் போனாங்களே. எனக்குப் பயமா இருக்குது."

"நம்ம பையன் பட்டாளத்துல இருக்கறானுங்க. நாம பேசாம வேற யாருங்க பேசறது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிங்காநல்லூரில் பஸ் நின்றது.

"ஏனுங்க, மில்லு ஸ்டாப் வந்துருச்சு. எறங்கலீங்களா?"

"இன்னைக்கு லீவு போட்டுக்கறேன். யாராச்சும் கல்லெறிஞ்சா நீ அங்க தனியா நிக்கக் கூடாது."