வால்மீன் மறையும் நேரம்

பல்பு சூடாக இருந்தது. சட்டைக் கையை இழுத்து விரல்களில் சுற்றிக்கொண்டு, அவசர அவசரமாகத் திருகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிப் படியில் எவாரிஸ்தோவின் மூச்சிரைப்பு கேட்டது. தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு, மெதுவாகத்தான் ஏறுவான். எனக்கு அந்த நேரம் போதும்.

இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி, அதிகாரி அம்மா. உங்கள் கோப்பில் 'விபத்து' என்று எழுதி மூடிவிட்டீர்கள். வால்மீனைப் படம் பிடிக்க மொட்டை மாடி விளக்கை அணைத்திருந்தார்கள், இருட்டில் ஒருவர் கால் தவறி விழுந்தார். நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள். உங்கள் மீது குறையில்லை.

என் பெயர் ஃபிதென்சியோ. போர்த்தாலெஸ் பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளர். மெக்சிகோ நகரத்தில் உட்கார்ந்து வானம் பார்ப்பது, சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் தேடுகிற வேலை. ஆனாலும் தேடினோம். எவாரிஸ்தோ மெட்ரோ ரயில் ஓட்டுகிறவன். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அந்த உறவில் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

எங்கள் கட்டிடத்தின் நடுவே வெளிச்சக் கிணறு இருக்கிறது. சமையலறைகளுக்குக் கொஞ்சம் பகல் இறங்கட்டும் என்று மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் விட்ட ஓட்டை. மேலே ஒரு பழைய பிளாஸ்டிக் தகடு மூடியிருக்கும். பூனை நடந்தால் தாங்கும். சுற்றுச்சுவர் கணுக்கால் உயரம். அதனால்தான் அதன் தலைமாட்டில் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும்.

அந்தப் பல்பை அணைக்க, கீழ்வீட்டில் இருந்து கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோன்யா செலோவிடம் அனுமதி வாங்கினேன்.

"ஏன் கண்ணாடிக்காரரே, உம்ம வால் முளைச்ச நட்சத்திரத்துக்கு எங்க விளக்கைத்தான் பலி குடுக்கணுமா?" என்றாள். "ஒழியட்டும். ஆனா வேலை முடிஞ்ச மறுநிமிஷம் பல்பு எரியணும். எவனாவது என் துணி தொவைக்கிற தொட்டியில வந்து விழுந்தான்னா, நான் கழுவி விட மாட்டேன், சொல்லிட்டேன்."

வாக்குக் கொடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

வால்மீன் சூரியன் போன பிறகு மேற்கே தாழ்வாக, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் மேலே கொஞ்ச நேரம் நிற்கும். நகரத்து வெளிச்சத்தில் கேமராவை நிறைய நேரம் திறந்து வைக்க முடியாது. ஐந்தைந்து வினாடியாக முன்னூறு படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் வால் தலைகாட்டும். எடுப்பது நான். அடுக்குவது எவாரிஸ்தோ. அந்த வாரம் முழுக்க அவனுக்கு ஏழரை மணி வரை ரயில். எட்டு மணிக்கு மேல் சோள மட்டையில் சுற்றி அவித்த தமாலே பொட்டலத்தோடு படியேறி வருவான்.

"நீ எடு, நான் அடுக்கறேன் கொம்பாத்ரே. வால் உனக்கு, தலைவலி எனக்கு" என்பான்.

அருங்காட்சியகத்தில் 'நம் நகரத்து வானம்' என்று கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: படம் நகரத்துக்குள்ளிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். நான் எடுத்தவற்றில் ஆரஞ்சு நிறக் கறைதான் இருந்தது. வெறும் கறையோடு அந்தச் சுவரில் போய் நிற்க எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாணம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நகரத்தைத் தாண்டி, புவெப்லா பக்கத்து மேட்டு வெளியில் நல்ல இருட்டு. அங்கே எடுத்ததைக் கொடுத்தேன். அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, அடியில் என் பெயர். சனிக்கிழமை திறப்பு.

வியாழக்கிழமை எவாரிஸ்தோ அந்தப் படம் போட்ட அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

"கொம்பாத்ரே, இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?"

"ஏன்?"

"நம்ம மாடியிலேர்ந்து எனக்குத் தெரியற நட்சத்திரம் மொத்தம் பதினேழு. அதுல நாலு ஏரோப்ளேன். இதுல எண்ணி மாளலையே. வாரம் பூரா நீ குடுத்த படத்தை அடுக்கினவன்டா நான்."

அவன் தமாலேயைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினான்.

"சனிக்கிழமை நீயே எந்திரிச்சு நின்னு சொல்லிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா நீ சொல்லும்போது உன் பக்கத்துல நிப்பேன். என்ன, ரெண்டு பேரு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க போ."

அவ்வளவு நல்லவன். காட்டிக் கொடுக்கிறேன் என்று மிரட்டியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்கிறவனிடம் என்ன பேசுவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்தேன். "நீ சொன்னபடி எழுதிட்டேன். ராத்திரி வந்து படிச்சுப் பாரு."

"எனக்குத் தெரியும்டா உன்னை" என்றான். அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு, எழுதியது நான்தான். இருட்டில் யாரும் கேமராவை இடித்துவிடக் கூடாது என்று அது நிற்கும் முக்காலியின் காலில் மிளகளவு சிவப்பு விளக்கு கட்டியிருப்போம். மாடிக் கதவைத் தாண்டியதும் அதைப் பார்த்து நேராக நடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் எல்லோரும் அப்படியே நடந்தார்கள். முக்காலி எப்போதும் கதவுக்கு இடப்பக்கம் இருக்கும். அன்று வலப்பக்கம் வைத்தேன். கதவுக்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவில் கிணறு. தண்ணீர்த் தொட்டி மறைத்ததால் நகர்த்தினேன் என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். தொட்டி எதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு பெரிய நகரத்தில் அங்கே மட்டும் எப்படி இருட்டு என்று நீங்கள் கேட்கலாம். வானத்தைக் கெடுக்கிற வெளிச்சம் கால் வைக்கிற இடத்துக்கு உதவாது. தொட்டிகளின் நிழல் அங்கே மையாகக் கிடக்கும். படிக்கட்டிலோ பளீரென்று குழல் விளக்கு. அதிலிருந்து வருகிற கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் பிடிக்கும். அது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

கீழே தெருவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்து விற்கிற வண்டி நீளமாக விசிலடித்தது. தினமும் எட்டே காலுக்கு வருகிற வண்டி. கதவு திறந்தது.

"கொம்பாத்ரே, எங்கடா இருக்க? இன்னிக்கு ரெண்டு பங்கு வாங்கினேன். நல்ல காரியம் பண்ணியிருக்க இல்ல?"

"இங்கதான். நேரா வா" என்றேன்.

நேராக வந்தான்.

சனிக்கிழமை படத்தின் முன்னால் அவனுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நின்றோம். பிறகு கை தட்டினார்கள். இந்தப் படத்து விஷயம் வரும் பகுதியை முடிந்தால் கோப்பில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், அம்மா. சங்கத்தின் பெயர் இருக்கிறது.

நான் வந்தது வேறொரு காரியத்துக்காக. அடக்கத்தன்று அவன் மனைவி எர்லிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க கொம்பாத்ரே. ஒரு வாரமா வேலை வேலைன்னு ஓடிக்கிட்டே இருந்தாரு. கடைசியிலயாவது அந்த வால்மீனைப் பாத்தாரா?"

"பார்த்தான்" என்றேன்.

நேற்று கல்லறைக்குப் போனேன். கல் நட்டிருக்கிறார்கள். பெயருக்குக் கீழே 'வால்மீனைப் பார்த்துவிட்டுப் போனவர்' என்று செதுக்கியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தவறான பதிவை நான் ஒரு நாளும் பொறுத்துக்கொண்டதில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

சங்கத்து அறிவிப்புப் பலகையைப் போய்ப் பாருங்கள். அன்றைய தாளில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வால்மீன் மறையும் நேரம்: 7.34. அது மலைக்குப் பின்னால் இறங்கியதும் தோன்யா செலோவுக்குக் கொடுத்த வாக்குப்படி பல்பைத் திரும்ப மாட்டினேன். எட்டு மணி தாண்டி அதை மறுபடி கழற்றியபோது வானத்தில் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

பல்பு சூடாக இருந்தது என்று முதலிலேயே சொன்னேனே.