அண்ணன் வைத்த சூடு

இந்த டம்ளரைக் கழுவியதும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், ஐயா. அடியில் தண்ணீர் தேங்கிப் புள்ளி விழுந்திருக்கிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பிடிக்க வைக்க எனக்குத் தெரியும்.

பட்டறையில் உலை என் பொறுப்பு. எவர்சில்வர் துருவைத் தாங்கும், தேய்மானத்தைத் தாங்காது. அதன் மேல்தோலைக் கடினமாக்க நைட்ரஜன் வாயுவில் வைத்துச் சூடேற்றுவோம். சூடு மிஞ்சினால், துருவைத் தடுக்கும் குரோமியத்தை நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சாதாரண இரும்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து, துருப்பிடிக்காமலே கடினமாக்க முடியும் என்று எங்கள் உலையில் சாதித்துக் காட்டியவன் என் தம்பி.

முதலாளி அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "இனிமே தம்பி சொல்ற சூட்டுல வை" என்றார். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டில் என் மனைவி, "உங்க தம்பி மூளையில கால்வாசி உங்களுக்கு இருந்திருக்கலாம்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தால்கூட எரிந்தது.

கடற்கரைப் பூங்காவில் புது ராட்டினம் வந்தது. இருக்கைகள் தொங்கும் எவர்சில்வர் பின்களை, கட்டைவிரல் தடிமன் முளைகளை, கடினமாக்க எங்களிடம் கொடுத்தார்கள். சுழன்று தேயக் கூடாது, உப்புக் காற்றில் துருவும் பிடிக்கக் கூடாது. தம்பி சூட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். நான் நூறு டிகிரி கூட்டினேன். அவன் வருவதற்குள் முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவரவும் மறக்கவில்லை.

பின்கள் வெளியே வந்தன. கடினம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. அடுத்து, உப்புநீர் தெளிக்கும் பெட்டியில் சில நாள் போட்டுத் துரு வருகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பூங்காக்காரர் அவசரப்படுத்தினார். முதலாளி தம்பியைப் பார்த்தார்.

"அண்ணன் கையால வந்தது சார். அதுக்கு மேல என்ன சோதனை?"

அந்த நேரத்தில் அவன்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பின்கள் துருப்பிடிக்கும், பூங்காக்காரர் திருப்பி அனுப்புவார், நாலு பேர் முன்னால் அவன் தலைகுனிவான். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலம் போயிற்று. எதுவும் திரும்பி வரவில்லை. தம்பி மகளின் பிறந்தநாளுக்கு எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். "நம்ம பின் எப்படிச் சுத்துது பாருங்கண்ணே" என்று காட்டினான். நம்ம என்றுதான் சொன்னான். மஞ்சள் இருக்கைக்கு மேலே, பின் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து ஒரு பழுப்புக் கோடு வழிந்திருந்தது. மற்றவர்களுக்கு அது அழுக்கு. எனக்கு என்னவென்று தெரியும். குழந்தைக்கு மஞ்சள் பிடிக்கும், நேரே அதற்குத்தான் ஓடினாள். தம்பி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"பெரியப்பா, நீங்களும் வாங்க."

"பெரியப்பாவுக்குத் தலை சுத்தும்டா கண்ணு. நீ போயிட்டு வா."

அவள் செருப்பை என்னிடம்தான் கழற்றிக் கொடுத்தாள். இருவரையும் ஒரே வண்டியில் கொண்டுபோனபோதும் அது என் கையில் இருந்தது. பிறகு ஆகவேண்டியதையெல்லாம் நானே முன்னின்று பார்த்தேன். உலைச் சூட்டை இப்போது முதலாளி என்னிடம்தான் கேட்கிறார்.

தம்பியின் முறையில் குறை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அது தவறு. அவன் முறை சுத்தமானது, அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். மற்றபடி, பின் எந்தச் சுற்றில் முறியும் என்று யாரால் சொல்ல முடியும்? விபத்துதான் அது. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடத் தலை சுற்றியதில்லை.