கப்பலில் வந்த தாழ்ப்பாள்

மழைக்காலத்தில் பேய்க்கதை படிப்பவர்கள் பொதுவாக நல்லவர்கள், மேடம். அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. முதல் மழை விழுந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு டீயை ஆற விட்டுவிட்டுப் படிப்பார்கள். காசு கொடுத்துப் பயத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள். என் மனைவி அப்படிப்பட்டவள். பிறந்த வீட்டில் அவளைப் 'பேய்க்குட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், செல்லமாக.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனத்தில் ஒலி திருத்துகிறேன். வாசிப்பவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விடுவார். பிறகு நான் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்வேன். எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது, தாள் புரள்வது. சாப்பிடாமல் வந்து காதல் கதை வாசிப்பவர்களுடைய வயிறு இடையில் என்னென்ன பேசும் என்பது எனக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குரல் மட்டும் நிற்கும். மழைக்காலம் தொடங்கினால் எங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பேய்க்கதைகள் வரிசை கட்டி நிற்கும்.

கல்யாணமான புதிதில் அவள் காகிதப் புத்தகம்தான் படிப்பாள். படிக்க உட்கார்ந்தால் நான் வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் "உம்" என்பாள். "வீடு பத்திக்கிட்டு எரியுது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "உம்". எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பிறகு கண்ணில் ஏதோ தொற்று வந்து கருவிழிகள் வெளுக்க ஆரம்பித்தன. மின்படிப்பான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் அல்லவா. அவளும் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு பக்கத்துக்கு மூன்று சொல், நான்கு சொல் என்று வந்து நின்றது. 'கதவுக்குப் பின்னால் அவள்' என்று ஒரு பக்கம் முடியும். விரலால் தட்டி அடுத்த பக்கம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "இப்படிப் படிச்சா பயம் ரெண்டு மடங்குங்க, ஒவ்வொரு பக்கமும் சஸ்பென்ஸ்" என்று சிரிப்பாள். அப்புறம் அந்த நான்கு சொல்லும் தெரியாமல் போயிற்று.

அந்த வருஷ மழைக்காலத்தில் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். வேலை முடிந்து நான் வரும் சத்தத்துக்கு அவள் காத்திருப்பாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்துட்டீங்களா, அந்தக் கிணத்துக்குள்ள யாரு இருந்தா?" என்பாள். என்னை ஒருவர் அப்படிக் காத்திருந்து கேட்டது அதற்கு முன் இல்லை.

அதைக் கெடுத்தது அவளுடைய அக்கா. வெளியூரில் நர்ஸாக இருக்கிறார். பார்வையில்லாதவர்களுக்கென்று ஒரு கதைக் கருவி வாங்கி அனுப்பினார். உள்ளங்கை அளவு இருக்கும், தடவிப் பார்த்து அமுக்குகிற மாதிரி பெரிய பொத்தான்கள். மெமரி கார்டில் கதையைப் போட்டால் அதுபாட்டுக்குப் படிக்கும். கம்பியில்லாமல் ஸ்பீக்கரோடும் சேர்ந்துகொள்ளும். கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. மத்தியானங்களில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய், அந்த ஸ்பீக்கரில் கதையைப் போட்டு, இரண்டு பேருமாகக் கேட்டுப் பயந்து, சிரித்து, சாயங்காலம் மேலே வருவாள். நான் வரும்போது கதை முடிந்திருக்கும்.

"இன்னிக்கு நான் படிக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாங்க. நீங்க படிச்சா பேய்க்கே தூக்கம் வருது" என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கருவிக்குக் கார்டில் கதைகளைப் போட்டுக் கொடுப்பது நான்தான். என் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஒரு கதையில், வாசிப்பவர் நிறுத்தும் ஒரு இடத்தில், என்னுடைய பெருமூச்சு ஒன்றைப் பதிந்து சேர்த்தேன். தூரத்தில் கேட்கிற மாதிரி, வலது காதில் மட்டும். அவள் அதைக் கேட்டபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இயர்போனைப் பிடுங்கிவிட்டு, "நீங்களா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கையை நீட்டித் துழாவி என் கையைக் கண்டுபிடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

நீங்கள் கல்யாணமானவரா என்று எனக்குத் தெரியாது. ஆகியிருந்தால் நான் ஏன் அதை மறுபடியும் செய்தேன் என்பது புரியும்.

பிறகு எங்கள் வீட்டுச் சத்தங்களையே பதிய ஆரம்பித்தேன். குழாய் சொட்டுவது, பீரோக் கதவு திறப்பது, வெறுங்கால் தரையில் நடப்பது. தொழில் தெரிந்தவன் என்பதால் மட்டாகத்தான் சேர்த்தேன். கொஞ்ச நாளில் எது கதை, எது வீடு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கருவியை அணைத்த பிறகும் நின்று கேட்பாள். "வீட்டுல யாரோ இருக்காங்கங்க" என்பாள். "யாரும் இல்லம்மா, நான்தான் இருக்கேன்ல" என்பேன். இரண்டுமே உண்மைதான்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அக்கா ஒரு பயிற்சி நிலையத்தில் அவளுக்கு இடம் வாங்கிவிட்டார். கைத்தடியோடு தனியாக நடக்க, சமைக்க, பஸ் ஏற, ஏதாவது வேலை பார்க்கச் சொல்லித் தருவார்களாம். அங்கேயே தங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை நானே அடுக்கிக் கொடுத்தேன். புறப்படுகிற காலையில் மழை. படி ஈரமாக இருந்தது. அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துபோயிற்று. கட்டுப் போட்டார்கள். பயிற்சி தள்ளிப்போயிற்று.

அதற்குப் பிறகு அவள் படியிறங்கவில்லை. தையல்கார அக்கா வந்து கூப்பிட்டும் போகவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது, "வெளியில பூட்டிட்டுப் போங்க. அது உள்ள வந்துடும்" என்று அவள்தான் சொன்னாள். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பூட்டச் சொன்னது அவள். சாயங்காலம் நான் வந்து பூட்டைத் திறந்தால் கதவுக்கு அந்தப் பக்கமே தரையில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க நான் தெருமுனையிலிருந்து ஓடிவருவேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அலட்சியத்தில். மழைக்காலம் முடியப் போகிறதென்று நிறுவனத்தில் அவசரப்படுத்தினார்கள். நடுக்கடலில் ஒரு கப்பல், அதில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போகிற கதை. அதில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைச் சேர்த்துவிட்டேன். அந்தத் தாழ்ப்பாளின் வளையம் கொஞ்சம் வளைந்திருந்தது. திறந்தால் 'டிங்' என்று ஒருதரம் அடித்து, பின்னாலேயே மெதுவாக இன்னொருதரம் அடிக்கும். வேறெந்த வீட்டுத் தாழ்ப்பாளும் அப்படி அடிக்காது.

அன்று நான் வந்தபோது அவள் கதவருகே இல்லை. கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கருவி மடியில் இருந்தது.

"கப்பல்ல நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"படியில என் பின்னால வந்தது யாருங்க?"

அழவில்லை, மேடம். கத்தவில்லை. சாம்பாரில் உப்பு போட்டீர்களா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் தள்ளவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பயிற்சிக்குப் புறப்பட்ட அந்தக் காலையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவதாகச் சொல்லிவிட்டு, போகாமல் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் இரண்டு படி இறங்கியதும் தோளில் கையை வைத்தேன். எதுவும் பேசவில்லை. 'நீங்களா?' என்று கேட்டாள். அப்போதும் பேசவில்லை. கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். பயந்து ஓடியது அவள். ஈரத்தில் யாரும் ஓடக்கூடாது.

"கதவைத் தொறங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

அவளுடைய போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினேன். அன்று அவள் பூட்டச் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். மனம் ஆறட்டும் என்று நினைத்தேன். சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எதற்கும் குறை வைக்கவில்லை. காலையில் உள்ளே வைத்துவிட்டுப் பூட்டுவேன். மாலையில் திறப்பேன், பேச்சுக் கொடுப்பேன். என் கால் சத்தம் கேட்டாலே சுவரோரம் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவளுடைய அக்கா என் போனில் கூப்பிட்டால், "ஜுரம், தூங்குறா" என்பேன். ஒருமுறை, "உங்க மேல வருத்தமா இருக்கா, பேச மாட்டேங்கிறா" என்றும் சொன்னேன். எத்தனை நாள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை. மழை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்துக்கொண்ட காலம் அது.

அவள் கத்தாமல் இருந்தாளா என்றால், கத்தினாள். அது கீழே கேட்கவும் செய்தது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மழைக்காலத்தில் அலறல் கேட்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் புதிதல்ல. எதிர்வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்து, "என்ன சார், இந்த வருஷக் கதை பலமா இருக்கும்போல" என்றார். தையல்கார அக்கா தன் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். அவர் பிறகு அதைச் சொல்லி என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தேற்றினேன்.

போனை எடுத்த நான் கதைக் கருவியை ஏன் எடுக்கவில்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். கதை இல்லாமல் அவளால் இருக்க முடியாது. அதையும் பிடுங்குகிற அளவுக்கு நான் கொடியவன் இல்லை. அதில் பேச்சைப் பதிவு செய்கிற பொத்தான் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அவள் பதிந்து யாருக்குப் போட்டுக் காட்டப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

அவள் தன் குரலைப் பதிந்துவைத்து, நாள் முழுவதும் அந்தக் கருவியைக் கீழ்வீட்டு ஸ்பீக்கரோடு சேர்க்க முயன்றுகொண்டே இருந்திருக்கிறாள். தையல்கார அக்காவின் போன் அந்த ஸ்பீக்கரைப் பிடித்துவைத்திருக்கும்வரை கருவி சேராது. மூன்று நாளைக்கு முன்பு காலையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. அவர் ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டபோது போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்ததாம். பாட்டு வரவேண்டிய இடத்தில் என் மனைவியின் குரல் வந்திருக்கிறது.

"அக்கா, இது கதை இல்ல. நான் மேல்வீட்டுல இருக்கேன். கதவு வெளியில பூட்டியிருக்கு. அவர் வர்றதுக்குள்ள யாரையாவது கூட்டிட்டு வாங்க."

தையல்கார அக்கா முதலில் சிரித்தாராம். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அதற்கு அடுத்து வந்ததுதான் அவரை எழுப்பி ஓட வைத்தது. "அக்கா, உங்க ஓரத்து மிஷின் பெல்ட் மறுபடியும் லூசாயிடுச்சு, காலையில பட்டுப்பட்டுனு அடிக்கிறது இங்க கேக்குது." எந்தக் கதையிலும் அவருடைய மிஷின் பெல்ட் வராது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பூட்டை உடைத்தவர்கள் அவளை எந்த நிலையில் பார்த்தார்கள் என்று படித்துக் காட்டினீர்கள். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார்கள். எடை குறைந்திருந்தது உண்மை. நான் வைத்ததை அவள் சாப்பிட மறுத்தால் நான் என்ன செய்ய முடியும்?

ஒன்றை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக மறைப்பது என் பழக்கமில்லை. கண் ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பதிந்து வைத்திருந்தார்கள். தானமாக வருகிற கருவிழி பொருந்தினால் ஒரு கண்ணிலாவது பார்வை வரும், புத்தகம் படிக்கிற அளவுக்கே வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடர்புக்கு என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். அவள் மணிக்கட்டில் கட்டோடு இருந்தபோது போன் வந்தது. கருவிழி கிடைத்திருக்கிறது, உடனே கூட்டி வாருங்கள் என்றது ஒரு பெண் குரல். சந்தோஷமான குரல். "அவங்களுக்கு விருப்பம் இல்லீங்க, மனசு மாறிட்டாங்க" என்றேன். நன்றாக யோசித்துச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். அது வரிசையில் அடுத்து இருந்த யாருக்கோ போயிருக்கும். ஒருவருக்கு என் மூலம் கண் கிடைத்தது என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

பார்வை வந்திருந்தால் அவள் மறுபடியும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எதைக் கேட்டாலும் "உம்" என்றிருப்பாள்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். கையை வைத்தது, பூட்டியது, போனை எடுத்தது, ஆஸ்பத்திரிக்குப் பொய் சொன்னது எல்லாம் நான்தான். வக்கீல் வேண்டாம். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகவும், தூங்கும்போது அறைக்கதவு, வாசற்கதவு எதையும் சாத்த விடமாட்டேன் என்கிறாள் என்றும் சற்று முன்னால் சொன்னீர்கள். உங்களுக்கு அது வேறுவிதமாகப் பட்டிருக்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், மேடம்.