மக்கு காயாத ஜன்னல்

டேரல் இன்று வரவில்லை, அதனால் சொல்லலாம். அவன் பெரியப்பா வெர்லினுக்கு நடந்தது இது.

இரவு பதினொன்று இருக்கும். ஒஹாயோ ஆற்றங்கரைச் சாலையில் ஒரு வண்டி கிடையாது... வெர்லின் தன் பழைய விடுதிக்கு எதிரே வந்து நின்றார். மூன்றாம் மாடியில் சத்தம். சர்ர்... சர்ர்... கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கிற மக்குப் பசையை ஓரத்தில் கத்தியால் தீற்றுகிற சத்தம்.

அது அவர் மனைவி ஒரீட்டாவின் வேலை. அவள் சாரத்திலிருந்து விழுந்து இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

சேமிப்பையெல்லாம் கொட்டி இருவரும் வாங்கிய விடுதிக் கட்டடம் அது. பழமை கெடாமல் புதுப்பித்தால் செலவில் ஒரு பங்கை அரசு வரியில் கழித்துக்கொடுக்கும். அதை நம்பித்தான் வங்கிக் கடன். ஒரு ஜன்னலைக்கூட மாற்றக் கூடாது. அதே மரச்சட்டம், அதே கண்ணாடி, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கு. கோடைக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

மேலே ஏறிப் பார்த்தார். ஆள் இல்லை. எண்ணெய் வாசனை... ஒரு ஜன்னல் முடிந்திருந்தது. தொட்டால் மக்கு மெத்தென்று அமுங்கியது.

இரவுக்கு ஒன்றாக ஜன்னல்கள் முடிந்துகொண்டே வந்தன. ஒரீட்டாவின் தம்பி டுவைட் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இப்பதான் உங்க கை திருந்துச்சா? அக்கா இருந்தப்போ உங்க வேலையப் பாத்துச் சிரிப்பாளே," என்றான்.

ஒன்றுதான் மிச்சம். அவள் விழுந்த அன்று வேலை செய்துகொண்டிருந்த ஜன்னல். மறுநாள் காலையில் அதுவும் முடிந்திருந்தது.

வெர்லின் உளியை எடுத்து, அவள் தீற்றியதை முழுக்கச் சுரண்டிப் போட்டார்.

இரவில் சர்ர்... காலையில் சுரண்டல். தினமும் இதே.

டுவைட் கையைப் பிடித்துக்கொண்டான். "கெடு நெருங்கிடுச்சு. கட்டடமே போயிடும் மாமா. முடிஞ்சதை ஏன் கெடுக்கிறீங்க?"

"வேலை இருந்தாத்தானேடா வருவா."

கெடு போயிற்று. ஜன்னல் முடியாததால் வரிச் சலுகை கிடைக்கவில்லை. கட்டடத்தை வங்கி எடுத்து விற்றது. வாங்கியவருக்குச் சலுகை தேவைப்படவில்லை. மரச்சட்டங்களைப் பெயர்த்து எறிந்து பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினார். அதற்கு மக்கே வேண்டாம்.

வெர்லின் இன்னமும் அந்தச் சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஓரிரவு டேரலும் கூடப் போனான். தீற்றுகிற சத்தம் இல்லை. சாரம் இல்லை, ஏணி இல்லை... மூன்றாம் மாடியில், வெளிப்பக்கம், யாரோ விரலால் ஜன்னல் ஜன்னலாக ஓரம் தடவி, இடுக்கு தேடுகிற சத்தம். கடைசி ஜன்னல் வரை போய்... மறுபடி முதலிலிருந்து.